கேட்பதற்கு முன் கேட்போம்

"ஓராண்டு முழுவதும் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று சொன்னீர்களே, எத்தனை சீட்டுகள் நிரம்பின?" என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களைப் பலரும் கேட்டுவிட்டார்கள். ஒரு சீட்டும் நிரம்பவில்லை என்பதே அதற்கு விடை. அதைச் சொல்ல எங்களுக்குச் சிறிதும் நாணமில்லை. மனிதரைப் பற்றிய ஆராய்ச்சியில் கேள்வி கேட்பது கடைசிப் படிகளுள் ஒன்று. அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் பல உள்ளன. அவற்றைத் தாண்டிக் குதிப்பது தவறு என்பது எங்கள் கருத்து. அக்கருத்தை இந்த ஆண்டு மலரின் வாயிலாகத் தோழியர், அருட்சகோதரியர், பெற்றோர் ஆகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் அறிவியல் மன்றம் எடுத்துக்கொண்ட பொருள் எளியது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் நம் மாணவியருள் எத்தனை பேர் காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வருகின்றனர்? ஏன் அப்படி வருகின்றனர்? காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் தங்கையரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பசியை உணர்ந்த தலைவர்கள் உண்டு. 1956-ஆம் ஆண்டில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆனால் அது 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கென அமைந்த திட்டம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் பசி நின்றுவிடுவதில்லையே! 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். காலை உணவைத் தவிர்ப்பதே அதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் உண்ணாதவர் யார், எதனால் என்று அறிவது பயனுள்ளது என்று மட்டுமே சொல்கிறோம்.

பொருள் கிடைத்தவுடன் மறுநாளே கணக்கெடுத்துவிடலாம் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஒவ்வொரு வகுப்பாகச் சென்று, "இன்று காலையில் சாப்பிடாதவர்கள் கை தூக்குங்கள்" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் அல்லவா? முடிந்துவிடும். ஆனால் கிடைக்கும் எண் பொய்யாக இருக்கும். வீட்டில் அரிசி இல்லாததால் உண்ணாமல் வந்த தங்கை ஐம்பது பேர் நடுவில் கை தூக்குவாளா? "எனக்குத் தோசை பிடிக்காது" என்று செல்லமாகத் தட்டை ஒதுக்கிவிட்டு வந்தவள் மட்டுமே சிரித்துக்கொண்டு கை தூக்குவாள். அப்போது நம் பள்ளியில் பசி என்பதே இல்லை, பிடிவாதம் மட்டுமே உண்டு என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஒருவரின் மானத்தைக் காக்காத ஆராய்ச்சி உண்மையையும் காண்பதில்லை. ஆராய்ச்சி முறை வேறு, அறநெறி வேறு என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதற்பருவம் முழுவதும் நாங்கள் கேள்வியைச் செதுக்குவதிலேயே செலவிட்டோம். "நீ தினமும் காலை உணவு உண்கிறாயா?" என்று கேட்டால், "ஆம்" என்பதே நல்ல பிள்ளையின் விடை என்று கேட்கப்படுபவளுக்குத் தெரிந்துவிடும். மேலும் காலை உணவு என்பது எது? நாங்கள் சிலர் எங்களுக்குள் எழுதிப் பார்த்தபோதே குழப்பம் வந்துவிட்டது. ஒருத்தி தேநீரையும் இரண்டு ரஸ்க்கையும் உணவாகக் கொண்டாள். மற்றொருத்தி கொள்ளவில்லை. பழைய சோறு உண்டவள், அது 'டிபன்' இல்லையே என்று எழுதத் தயங்கினாள். எனவே கேள்வியை மாற்றினோம். "இன்று காலை எழுந்தது முதல் பள்ளி மணி அடிக்கும் வரை நீ உண்டவற்றையும் குடித்தவற்றையும் எழுது" என்பதே இப்போதைய கேள்வி. இதில் நல்ல விடை, கெட்ட விடை என்று ஏதும் இல்லை. ஒன்றும் உண்ணாதவர்க்கு அடுத்த கேள்வி உண்டு. நேரமில்லை, பேருந்து முன்னதாகவே வந்துவிடுகிறது, பசியில்லை, வீட்டில் இல்லை, நோன்பு என்று காரணங்களை வரிசையாகத் தந்திருக்கிறோம். அவ்வரிசையின் தலையிலேயே "சொல்ல விருப்பமில்லை" என்பதை வைத்திருக்கிறோம்.

நாளையும் ஆராய்ந்து குறித்தோம். தவக்காலத்து வெள்ளியிலோ, ஆடி வெள்ளியிலோ, ரமலான் மாதத்திலோ கணக்கெடுத்தால் பக்தியைப் பசி என்று எண்ணிவிடுவோம். தேர்வு நாளில் பதற்றத்தால் உண்ணாதோர் மிகுதியாக இருப்பர். ஒரே நாளின் கணக்கை நம்புவதும் சரியன்று. ஆதலால் வெவ்வேறு வாரங்களில் இரண்டு சாதாரண நாள்களைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தோம்.

யாரைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். வருகைப் பதிவேட்டு எண்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, வகுப்புக்குப் பத்துப் பேரை எடுப்பது ஆராய்ச்சி நூல்கள் காட்டும் நல்ல வழி. தெரிந்த தோழியரை மட்டும் கேட்பதைவிட அது எவ்வளவோ மேலானது. ஆயினும் அந்தப் பத்துப் பேரும் எழுந்து செல்லும்போது மற்றவர் கண்கள் அவர்களைத் தொடரும். அதனால் எல்லோருக்குமே சீட்டுக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். பெயர் இல்லை, பதிவேட்டு எண் இல்லை, எல்லாச் சீட்டும் ஒரே அளவு. விரும்பாதவள் வெறும் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். எழுதியவள் யார், எழுதாதவள் யார் என்பது அருகில் அமர்ந்தவளுக்கும் தெரியாது.

இவ்வளவு கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வரலாற்றைப் படித்ததால் வந்த கவலை இது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ என்னும் ஊரில் 1932-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. கறுப்பின ஆண்கள் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் கொடிய நோய் இருந்தது. என்ன நோய் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சிகிச்சை நடப்பதாக அவர்கள் நம்பினார்கள். இலவச உணவும் ஈமச்சடங்குச் செலவும் தரப்பட்டன. 1947-ஆம் ஆண்டளவில் பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்றுவிட்ட பின்னும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1972-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகே அது நிறுத்தப்பட்டது. அதே 1947-ஆம் ஆண்டில்தான் நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், தானாக முன்வந்து தரும் சம்மதம் இன்றி எந்த மனிதர் மீதும் ஆராய்ச்சி செய்யலாகாது என்பதை முதல் விதியாக வகுத்துத் தந்தது. விதி எழுதிய பின்னும் 25 ஆண்டுகள் டஸ்கீகீ நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அந்த இலவச உணவைப் பற்றிப் படித்த பிறகுதான், சீட்டு நிரப்புவோர்க்குப் பிஸ்கட் கொடுக்கலாம் என்ற யோசனையை நாங்கள் கைவிட்டோம். பசித்தவளிடம் பிஸ்கட்டைக் காட்டிச் சம்மதம் கேட்பது கேட்பதாகாது.

அது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2009-ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஓர் ஆய்வுக்காகப் போடப்பட்டது. எங்கள் தங்கையரின் வயது! 2010 ஏப்ரலில் அரசு அதனை நிறுத்தியது. அச்சிறுமியருள் எழுவர் இறந்திருந்தனர். அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் மெய்ப்பிக்கப்படவில்லை. அத்தடுப்பூசி இன்றும் உலகின் பல நாடுகளில் பெண்களைக் காத்து வருகிறது. எனவே ஊசியின் மீது நாங்கள் குறை கூறவில்லை. குறை சம்மதம் பெற்ற முறையில் இருந்தது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை, ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர் என்று கூறுகிறது. பெற்றோர் எங்கோ மலையடிவார ஊர்களில் இருந்தனர். பிள்ளைகள் விடுதியில் இருந்தனர். கையெழுத்து எளிதாகக் கிடைத்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் விடுதித் தோழியரின் நினைவு வந்தது. நாங்கள் 'போர்டிங் சிஸ்டர்' என்று அன்போடு அழைக்கும் விடுதிச் சகோதரி அவர்களுக்குத் தாய்க்குத் தாயாக இருக்கிறார். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கண் விழிக்கிறார். அவர் கையெழுத்திட்டால் போதாதா என்று எங்களுள் சிலரே கேட்டார்கள். மிகுந்த மரியாதையோடு சொல்கிறோம், போதாது என்பதே எங்கள் கருத்து. விடுதியில் காலை உணவு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகும் ஆராய்ச்சிக்கு, அவ்வுணவைத் தருபவரே பிள்ளைகளுக்காகச் சம்மதம் தருவது முறையாகுமா? அது சகோதரிக்கும் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பிள்ளைகளைக் காண வருகிறார்கள். அன்று படிவத்தை அவர்கள் கையிலேயே கொடுப்போம். எழுத்தறியாதவர்க்கு நிதானமாகப் படித்துச் சொல்வோம். அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருப்போம்.

பெற்றோரின் சம்மதம் கிடைத்துவிட்டால் பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பதும் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் குழந்தைகளை உட்படுத்தும் ஆராய்ச்சிக்கெனத் தனியே நெறிமுறைகளை வெளியிட்டது. 18 வயது நிறையாதவர்க்காகப் பெற்றோர் சம்மதம் தர வேண்டும். அத்துடன் 7 வயதிற்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவை வாய்மொழியாகவும், 12 வயதிற்கு மேற்பட்டவர்களின் இசைவை எழுத்தாகவும் பெற வேண்டும் என்று அவை கூறுகின்றன. அவை மருத்துவ ஆராய்ச்சிக்காக எழுந்தவை. நம் சிறு கணக்கெடுப்புக்கு அவை அனைத்தும் அப்படியே பொருந்தும் என்று நாங்கள் வாதிடவில்லை. ஆனால் அவற்றின் உட்கருத்து நமக்கும் உரியது. அப்பா சரி என்றாலும் மகள் மாட்டேன் எனலாம். மகள் சரி என்றாலும் அம்மா வேண்டாம் எனலாம். அப்படிச் சொன்னவர் மீது முகம் சுளிக்கக் கூடாது. இதனால்தான் சீட்டுகளை வகுப்பாசிரியையோ வகுப்புத் தலைவியோ கொடுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறோம். மதிப்பெண் இடுபவரிடமும், பெயரைக் கரும்பலகையில் எழுதுபவளிடமும் மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சொல்லும் 'சரி'க்குப் பொருளில்லை.

"கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் ஒரே மாலையில் முடிந்துவிடுமே" என்ற யோசனையும் வந்தது. நம்மில் பலருடைய வீட்டில் கைப்பேசி அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. வீட்டில் அரிசி இல்லை என்பதை அப்பாவின் கைப்பேசியிலேயே எழுத எந்த மகளுக்கு மனம் வரும்? மின்னஞ்சல் முகவரியும் விடையும் ஒன்றாகச் சேர்ந்து எங்கோ தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. காகிதச் சீட்டே மேல். எண்ணி முடித்த பின் அவற்றைக் கிழித்து எரித்துவிடலாம். எண்ணிக்கையை வெளியிடுவதிலும் கவனம் வேண்டும். ஒரு பிரிவில் விடுதி மாணவியர் இருவர் மட்டுமே இருந்தால், "அப்பிரிவின் விடுதி மாணவியருள் ஒருவர் உண்பதில்லை" என்று எழுதுவது பெயரையே எழுதியது போலாகும். ஐந்துக்குக் குறைந்த எண்களைத் தனியே காட்டாமல் மொத்தத்தில் சேர்த்துக் காட்டுவோம்.

எங்களை மிகவும் அலைக்கழித்த கேள்வி ஒன்று உண்டு. "இரண்டு நாளாக ஒன்றும் உண்ணவில்லை" என்று ஒரு சீட்டில் இருந்தால் என்ன செய்வது? பெயர் கேட்கமாட்டோம் என்று வாக்களித்திருக்கிறோம். கையெழுத்தை ஒப்பிட்டு அவளைத் தேடினால் வாக்குத் தவறியவர்கள் ஆவோம். தேடாமல் விட்டால் பசித்த தங்கையைக் கண்டும் காணாதவர்கள் ஆவோம். பல நாள் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வொரு சீட்டுடனும் ஒரு துண்டுத்தாள் தருவோம். உதவி வேண்டுவோர் யாரிடம், எப்போது, யாரும் காணாமல் செல்லலாம் என்று அதில் இருக்கும். எல்லோரும் அதை எடுத்துச் செல்வதால் அதனை வைத்திருப்பவள் மீது ஐயம் எழாது. அந்த உதவி உண்மையாகவே காத்திருக்கிறது என்பதைப் பள்ளி முதலில் உறுதி செய்த பிறகே சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். உதவி ஆயத்தமாக இல்லையென்றால் கேள்வியும் ஆயத்தமாகவில்லை என்றே பொருள்.

இனி எங்கள் வேண்டுகோளுக்கு வருகிறோம். இத்தகைய திட்டங்களை அதை வகுத்தவர்களே சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தன் குழம்புக்குத் தானே உப்புப் பார்த்தவள் குறை காண்பது அரிது. அமெரிக்காவில் 1950 முதல் நடந்துவரும் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கண்காட்சி, இன்று பன்னாட்டு மாணவர்களும் பங்கேற்கும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. மனிதரை உட்படுத்தும் செயல்திட்டம் எதையும் தொடங்குமுன், குறைந்தது மூவர் கொண்ட குழு ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் விதி. ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, உடல்நலமோ மனநலமோ அறிந்த ஒருவர் ஆகியோர் அம்மூவர். அம்மாணவரின் பெற்றோரும் வழிகாட்டும் ஆசிரியரும் அக்குழுவில் இருத்தலாகாது. நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி அறநெறிக் குழுக்களிலும் தலைவர் அந்நிறுவனத்தைச் சேராத வெளியாளாக இருத்தல் வேண்டும். படித்த அறிஞர்களோடு சாதாரணக் குடிமக்களில் ஒருவரும் அமர்தல் வேண்டும்.

நம் பள்ளியிலும் அத்தகைய ஒரு சிறு குழு வேண்டும். அறிவியல் மன்றத்தைச் சாராத ஓர் ஆசிரியை, மருத்துவராகவோ செவிலியராகவோ பணிபுரியும் ஒருவர், பள்ளியில் பணியாற்றாத ஒரு தாய் என மூவர் போதும். பருவத்திற்கு இருமுறை கூடினால் போதும். சரி, திருத்தினால் சரி, வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அவரைக் கொடியையும் மண்புழு உரத்தையும் ஆராய்வோர் இக்குழுவிடம் வர வேண்டியதில்லை. மனிதரிடம் கேள்வி கேட்போர் மட்டும் வந்தால் போதும்.

"மதிப்பெண்ணுக்காகச் செய்யும் பிராஜெக்ட்தானே, இவ்வளவு கெடுபிடி எதற்கு?" என்பார் உண்டு. நமக்கு அது மதிப்பெண். விடை எழுதுபவளுக்கோ அது அவள் வீட்டு அடுப்படி. "நல்ல எண்ணத்தோடுதானே கேட்கிறீர்கள்?" என்பாரும் உண்டு. தீய எண்ணத்தோடு ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டவர் எவரும் இலர். "காலம் வீணாகிறதே" என்பாருக்கு மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். காலம் அதிகம் ஆகத்தான் செய்கிறது. அரசுப் பொதுத்தேர்வை எழுதப்போகும் எங்களால் இக்கணக்கெடுப்பை நடத்த இயலாது.

எனவே வினாத்தாள், பெற்றோர் படிவம், துண்டுத்தாள், நாள் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி, ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைக்கிறோம். சூன் மாதம் பள்ளி திறந்ததும் அவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் வகுப்பறை அன்று, அந்த மூவர் குழு. குழுவை அமைத்துத் தருமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். படிவம் வீட்டிற்கு வரும்போது கையெழுத்திடுமுன் முழுவதும் படித்து, ஐயமிருந்தால் கேட்டு, மனம் ஒப்பவில்லையென்றால் தயங்காமல் மறுக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம். தங்கையரே, குழு உங்கள் தாளில் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். திருத்தி மீண்டும் எடுத்துச் செல்லுங்கள். நம் பள்ளியில் பசியோடு அமர்ந்திருக்கும் ஒருத்தி, பயமின்றி ஒரு சீட்டில் உண்மையை எழுதும் நாள் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

— பத்தாம் வகுப்பு மாணவி